தெரிந்தும் காத்திருத்தல்: சிறார் கதைகளில் துயரும் பாலின அடையாளமும்

திரைக்கு அந்தப் பக்கம் சிலருக்கு இது இரவு, சிலருக்கு விடியற்காலை. தூக்கத்தை விட்டு வந்தவர்களுக்கு முதல் நன்றி.

இன்றைக்கு எனக்குத் தரப்பட்ட கேள்வி இது: சாவையும் பாலின அடையாளத்தையும் பேசுகிற சிறுவர் கதைகள் பிள்ளைகளிடம் ஒத்துணர்வை வளர்க்கின்றனவா? வளர்க்கின்றன என்று சொல்லி, இருபது புத்தகங்களின் பெயர்களை வாசித்துவிட்டு நான் போய்விடலாம். ஆனால் எப்படி என்று கேட்டால்தான் பேச்சு சுவாரசியமாகிறது. நான் கல்வியாளர் இல்லை. ரொறன்ரோவில் இருக்கிற, இரவில் பிள்ளைக்குப் புத்தகம் வாசிக்கிற ஒரு தாய். வாசித்ததையும் வாசிக்கும்போது நடந்ததையும் வைத்துக்கொண்டு பேசுகிறேன்.

இரண்டு வருடங்களுக்கு முன்னர் என் அம்மா யாழ்ப்பாணத்தில் இறந்துபோனார். கடைசி மூன்று வருடம் அவருக்கு மறதி நோய். செத்தவீட்டை நாங்கள் இங்கே நேரலையில்தான் பார்த்தோம். அங்கே பகல், இங்கே நடு இரவு. அப்போது என் மகனுக்குப் பதினொரு வயது. அவன் அழவில்லை. மடிக்கணினியின் முன்னால் சிறிது நேரம் இருந்தான், பிறகு போய்ப் படுத்துவிட்டான். அந்தியேட்டி முடிந்தும் அவன் அம்மம்மாவைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. ‘அம்மம்மா சாமியிட்டப் போட்டா’ என்று நான் சொன்னால் தலையை ஆட்டுவான். பிள்ளைக்கு அவ்வளவு ஒட்டுதல் இல்லை, தூரத்தில் வளர்ந்த பிள்ளைதானே என்று நான் எனக்குள் முடிவு செய்துகொண்டேன்.

சில மாதங்கள் கழித்து ‘எ மொன்ஸ்டர் கோல்ஸ்’ என்ற நாவலை அவனுக்கு வாசிக்கத் தொடங்கினேன். அந்தப் புத்தகத்தின் பின்னாலேயே ஒரு சாவு இருக்கிறது. அதன் கரு சியோபன் டவுட் என்ற எழுத்தாளருடையது. அவர் 2007இல் மார்பகப் புற்றுநோயால் இறந்தார். அவர் விட்டுச்சென்ற கருவை வைத்து பற்றிக் நெஸ் எழுதினார், ஜிம் கே படம் வரைந்தார். 2011இல் வெளியானது. அடுத்த வருடம் பிரித்தானியாவின் கார்னகி பதக்கத்தையும், படங்களுக்கான கேட் கிரீனவே பதக்கத்தையும் சேர்த்தே பெற்றது. ஒரே புத்தகம் இரண்டையும் பெற்றது அதுதான் முதல் முறை.

கதை எளிமையானது. கொனருக்குப் பதின்மூன்று வயது. அம்மாவுக்குப் புற்றுநோய். இரவு 12:07க்கு, வீட்டுக்குப் பின்னால் நிற்கிற யூ மரம் பூதமாக எழுந்து வருகிறது. மூன்று கதைகள் சொல்வேன், நான்காவது கதையை நீ சொல்ல வேண்டும், அது உண்மையாக இருக்க வேண்டும் என்கிறது. அந்த நான்காவது கதையைச் சொல்லாமல் இருக்கத்தான் கொனர் புத்தகம் முழுக்கப் போராடுகிறான். அவன் சொல்ல மறுப்பது என்ன? இந்த நோயும் காத்திருப்பும் எப்படியாவது முடிந்துவிட வேண்டும் என்று அவன் மனதின் ஒரு மூலையில் நினைத்திருக்கிறான். அம்மாவைப் பிடித்த கையை விட்டுவிட வேண்டும்போல இருந்திருக்கிறது.

அந்த அத்தியாயம் முடிந்த இரவு என் மகன் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் இரவு விளக்கை அணைத்த பிறகு கேட்டான். பாதி ஆங்கிலத்தில் சொன்னதை நான் தமிழில் சொல்கிறேன்.

“அம்மா, கொனர் கெட்ட பொடியனோ?”

“ஏன் அப்பன் கேக்கிறாய்?”

“அம்மம்மா கோல் எடுக்கேக்க நான் பாத்ரூமுக்குள்ள போய் ஒளிச்சு நிண்டனான். அவ நீ ஆர், நீ ஆர் எண்டு திரும்பத் திரும்பக் கேக்கிறது எனக்குப் பயமா இருந்தது. இனி எடுக்காட்டி நல்லம் எண்டு நினைச்சனான். பிறகு அவ எடுக்கவே இல்லை.”

‘அப்பிடியெல்லாம் நினைக்கக் கூடாது’ என்ற வாக்கியம் என் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அதை விழுங்கிக்கொண்டேன். முந்தின இரவுதான் அந்தப் பூதம் கொனரைத் திட்டாமல் நிற்பதை வாசித்திருந்தேன். ஒரே மனம் ஒரே நேரத்தில் இரண்டு எதிரெதிரான விருப்பங்களை வைத்திருக்க முடியும் என்று அது அவனுக்குச் சொல்லியிருந்தது. அன்றைக்கு நான் மகனுக்குச் சொன்னது ஒன்றுதான். சாவுச் செய்தி வந்த அன்று எனக்கும் ஒரு பாரம் இறங்கினதுபோல இருந்தது, அதை நான் யாரிடமும் சொல்லவில்லை என்றேன். அப்போதுதான் அவன் அழுதான்.

இந்த நிகழ்ச்சியை வைத்துக்கொண்டு, அந்தப் புத்தகம் என்ன செய்தது என்று யோசித்துப் பார்த்தேன். அது என் மகனுக்கு எந்தப் பாடமும் சொல்லவில்லை. ‘துயரத்தில் இருப்பவர்களிடம் அன்பாக இரு’ என்று சொல்லவில்லை. கொனரின் அப்பாவுக்கும் பாட்டிக்கும் ஆசிரியர்களுக்கும் தெரியாத ஒன்று அவனுள் இருக்கிறது என்பதை வாசகனிடம் மட்டும் கொடுத்து வைத்தது. வாசகன் அதைச் சுமந்துகொண்டு, கொனர் வாய் திறக்கும் வரைக்கும் காத்திருக்க வேண்டியிருந்தது. இன்று நான் சொல்ல வருவதும் இவ்வளவுதான்: இந்த வகைக் கதைகள் ஒத்துணர்வை வளர்ப்பது அறிவுரையாலும் அல்ல, கண்ணீராலும் அல்ல. சொல்ல முடியாத ஒன்றைத் தெரிந்துகொண்டு காத்திருக்கிறவராக வாசகரை ஆக்குவதால்தான்.

இங்கே இரக்கத்தையும் ஒத்துணர்வையும் பிரித்துப் பார்க்க வேண்டும். கொனரின் பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் அவன்மேல் இரக்கம்தான். அவனுடைய தோழி அவன் அம்மாவின் நோயைப் பற்றி வெளியில் சொல்லிவிடுகிறாள். அன்றிலிருந்து பிள்ளைகள் விலகி நடக்கிறார்கள், ஆசிரியர்கள் குரலைத் தாழ்த்துகிறார்கள். அவன் தவறு செய்தாலும் தண்டிக்க மறுக்கிறார்கள். அவனோ தண்டனைக்காக ஏங்குகிறான். தண்டனை கிடைத்தால் தானும் மற்றப் பிள்ளைகளைப் போல ஒருவன்தான் என்று ஆகுமல்லவா? அவர்களுடைய இரக்கம் அவனை யாருமே பார்க்காத ஒருவனாக்கிவிடுகிறது. நம் செத்தவீடுகளிலும் பிள்ளைகளுக்கு இதுதான் நடக்கிறது. தலையைத் தடவுவோம், ‘பாவம் பிள்ளை’ என்போம், உள்ளே என்ன ஓடுகிறது என்று கேட்க மாட்டோம்.

இதே வேலையை இன்னும் முன்னரே செய்த புத்தகம் கதரின் பற்றர்சனின் ‘பிரிட்ஜ் டு டெராபித்தியா’. 1977இல் வந்தது, 1978இல் நியூபெரிப் பதக்கம் பெற்றது. பற்றர்சனின் மகனுடைய நெருங்கிய தோழி 1974இல் மின்னல் தாக்கி இறந்தாள். அவளுக்கு எட்டு வயது. மகனுக்கு விளக்கம் சொல்ல முடியாத தாய் ஒரு கதை எழுதினார். அந்த மகன் வளர்ந்து, 2007இல் வந்த திரைப்படத்துக்குத் திரைக்கதை எழுதியவர்களில் ஒருவரானார்.

கதையில் ஜெஸ்ஸும் லெஸ்லியும் ஓடைக்கு அப்பால் காட்டுக்குள் ஒரு கற்பனை நாட்டை உருவாக்குகிறார்கள். கயிற்றில் ஊஞ்சலாடித்தான் ஓடையைக் கடக்க வேண்டும். ஒருநாள் ஜெஸ் தனக்குப் பிடித்த இசை ஆசிரியையுடன் வாஷிங்டனில் ஓவியக் காட்சி பார்க்கப் போகிறான். லெஸ்லியையும் கூட்டிப்போகலாமா என்று அவன் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஆசிரியையுடன் தனியாகப் போவதில் அவனுக்கு மகிழ்ச்சி. அன்றைக்குத்தான் கயிறு அறுந்து லெஸ்லி இறந்துபோகிறாள்.

பற்றர்சனின் துணிச்சல் அடுத்த பக்கங்களில் இருக்கிறது. ஜெஸ் உடனே அழுவதில்லை. தட்டு நிறைய உணவு சாப்பிடுகிறான். உயிர்த்தோழி இறந்துபோன பையன் தான் ஒருவன்தான் என்று நினைக்கையில் அவனுக்குள் ஒரு சின்னப் பெருமைகூட எட்டிப் பார்க்கிறது. பிறகு, லெஸ்லி பரிசாகத் தந்த வண்ணப் பெட்டியை ஓடையில் எறிகிறான். ‘நல்ல பிள்ளை’ துக்கப்படும் விதம் இதுவல்ல. ஆனால் சாவு நடந்த வீட்டில் சிரித்ததற்காக அடி வாங்கிய எவருக்கும் இது பொய் என்று தோன்றாது. பிற்பாடு அவனுக்கு ஆறுதல் வருவது எதிர்பாராத இடத்திலிருந்து. பிள்ளைகள் எல்லோரும் கேலி செய்கிற கண்டிப்பான வகுப்பாசிரியை அவனை வெளியே அழைத்து, தன் கணவர் இறந்தபோது மற்றவர்கள் தன்னை அழாதே, மறந்துவிடு என்று சொன்னதைச் சொல்கிறார். அந்த ஆசிரியைக்குள்ளும் சொல்லாத ஒன்று இருந்திருக்கிறது என்று ஜெஸ்ஸுக்கு அப்போதுதான் விளங்குகிறது.

இந்தப் புத்தகத்தின் குறையையும் சொல்லிவிடுகிறேன். ஒரு பெண்பிள்ளை சாகிறாள், அதனால் ஓர் ஆண்பிள்ளை முதிர்ச்சி அடைகிறான். இந்த அமைப்பு சிறுவர் இலக்கியத்தில் அடிக்கடி வருகிறது. பிள்ளையோடு வாசிக்கிறவர்கள், ‘லெஸ்லிக்கு என்னவாக வேண்டும் என்று ஆசை இருந்திருக்கும்?’ என்று ஒரு கேள்வியையாவது கேட்க வேண்டும்.

சரி, துயரைப் பற்றிப் பேசுகிறீர்கள், பாலின அடையாளம் எங்கிருந்து வந்தது என்று நீங்கள் கேட்கலாம். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வதில் ஓர் ஆபத்தும் உண்டு. திருநராக இருப்பது ஒரு சோகம் என்ற எண்ணம் வந்துவிடக்கூடாது. நான் இரண்டையும் சேர்த்து வைப்பது ஒரே காரணத்துக்காகத்தான். இரண்டிலும் பிள்ளைக்கு ஒன்று தெரியும், அதைச் சொல்ல வாய் வருவதில்லை. இரண்டிலும் பெரியவர்கள் கையில் முன்னரே செய்து வைத்த வாக்கியங்களோடு நிற்கிறார்கள். ‘அம்மம்மா சாமியிட்டப் போட்டா’ என்பது ஒன்று. ‘இது கொஞ்ச நாளில சரியாப் போயிடும்’ என்பது மற்றது.

அலெக்ஸ் ஜினோ எழுதிய நாவல் ஒன்று 2015இல் ‘ஜோர்ஜ்’ என்ற பெயரில் வந்தது. நான்காம் வகுப்புப் பிள்ளை ஒன்றை எல்லோரும் ஜோர்ஜ் என்ற பையனாகப் பார்க்கிறார்கள். அந்தப் பிள்ளைக்குத் தான் பெண் என்று தெரியும். கண்ணாடி முன்னால் தன்னை மெலிசா என்று அழைத்துக்கொள்கிறாள். பெண்பிள்ளைகளுக்கான சஞ்சிகைகளை ஒரு பையில் போட்டு ஒளித்து வைத்திருக்கிறாள். கதையில் வருகிற அம்மாவுக்கோ அண்ணனுக்கோ வகுப்பாசிரியைக்கோ இது தெரியாது. ஆனால் கதை சொல்லும் குரல் முதல் பக்கத்திலிருந்தே ‘அவள்’ என்றுதான் சொல்கிறது.

இதை என் மகன் தானாகவே வாசித்தான். முதல் பக்கத்தில், “அம்மா, இதில பிழையா அடிச்சிருக்கு, ஜோர்ஜ் எண்டு போட்டு அவள் எண்டு கிடக்கு” என்று புத்தகத்தைக் கொண்டுவந்தான். வாசித்துப் பார், பிழையோ என்று பிறகு சொல் என்றேன். இரண்டு நாள் கழித்து, கதையில் வருகிற யாரோ ‘அவன்’ என்று சொன்னதற்கு இவனுக்குக் கோபம் வந்தது. யாரும் அவனுக்கு எதையும் விளக்கவில்லை. ஒரு சுட்டுப்பெயர் அந்த வேலையைச் செய்துவிட்டது. மெலிசாவின் அம்மாவுக்கு முன்னர் இவனுக்கு உண்மை தெரியும். அம்மா எப்போது கண்டுகொள்வார் என்று இவன் காத்திருக்கிறான்.

ஒரு தமிழ் வாசகியாக இந்த இடத்தில் நான் நின்று யோசித்தேன். ஆங்கிலத்தில் வினைச்சொல்லுக்குப் பால் கிடையாது. சுட்டுப்பெயரை மாற்றினால் போதும். தமிழில் வந்தான், வந்தாள் என்று ஒவ்வொரு முற்றிலும் பால் தெரிந்துவிடும். இந்த நாவலைத் தமிழாக்கினால் ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசியிலும் ‘ஆள்’ விகுதி வந்து, இவள் பெண் என்று நினைவூட்டிக்கொண்டே இருக்கும். நம் வீட்டில் ஒரு பிள்ளை வாய் திறந்து சொல்ல முடியாமல் இருந்தால், நாம் ஒரு நாளைக்கு எத்தனை நூறு தடவை அந்த விகுதியால் அந்தப் பிள்ளையைத் தொட்டுக்கொண்டிருக்கிறோம் என்றும் யோசித்தேன். அதே தமிழில் ‘நான் வந்தேன்’ என்பதற்குப் பால் இல்லை. ‘அவர் வந்தார்’ என்பதற்கும் இல்லை. அலெக்ஸ் ஜினோ தம்மை ஆண் என்றோ பெண் என்றோ வகுத்துக்கொள்ளாதவர். அவரைக் குறிக்க ஆங்கிலம் பன்மைச் சுட்டைக் கடன் வாங்குகிறது. நாம் அந்தக் கடனை மரியாதைக்காக வெகு காலத்துக்கு முன்னரே வாங்கி வைத்துவிட்டோம்.

துயரும் இந்தக் கதைக்குள் இருக்கிறது. வகுப்பில் ஈ.பி. வைட்டின் ‘சார்லொட்ஸ் வெப்’ வாசிக்கிறார்கள். 1952இல் வந்த அந்தப் புத்தகத்தில் சார்லொட் என்ற சிலந்தி, வில்பர் என்ற பன்றிக்குட்டியைக் காப்பாற்றிவிட்டுத் தனியே இறந்துபோகும். தலைமுறை தலைமுறையாக அமெரிக்கப் பிள்ளைகள் வாசிக்கிற முதல் சாவுகளில் அதுவும் ஒன்று. சார்லொட் சாகும்போது மெலிசா அழுகிறாள், வகுப்புப் பையன்கள் கேலி செய்கிறார்கள். பையன்கள் சிலந்திக்காக அழ மாட்டார்களாம். துக்கப்படுவதற்கும் பால் விதி இருக்கிறது என்பதை ஜினோ இந்த ஒரு காட்சியில் காட்டிவிடுகிறார். பள்ளி நாடகத்தில் சார்லொட்டாக நடிக்க மெலிசா ஆசைப்படுகிறாள். அது பெண்பிள்ளைகளுக்கான வேடம் என்று ஆசிரியை மறுக்கிறார். சார்லொட் வேடம் தோழி கெலிக்குக் கிடைக்கிறது. விஷயம் தெரிந்த கெலி ஒரு காட்சிக்குத் தன் இடத்தை மெலிசாவுக்குக் கொடுக்கிறாள். மேடையில் மெலிசா சார்லொட்டாகப் பேசும்போதுதான் அவளுடைய அம்மா முதல் தடவையாக அவளைப் பார்க்கிறார்.

ஒரு புத்தகம் தன் பிழையைத் தானே திருத்திக்கொண்ட கதையும் இதில் உண்டு. நாயகி விரும்பாத பெயரையே அட்டையில் போட்டுவிட்டோமே என்று ஜினோ வருந்தினார். வாசகர்கள் தங்களிடம் உள்ள பிரதியில் பழைய பெயரைப் பேனாவால் வெட்டி மெலிசா என்று எழுதலாம் என்று 2021இல் அழைப்பு விடுத்தார். பிள்ளைகள் எழுதினார்கள், நூலகர்கள் எழுதினார்கள். பதிப்பகமும் ஒத்துக்கொண்டு, 2022இல் ‘மெலிசா’ என்ற பெயரிலேயே புத்தகத்தை வெளியிட்டது.

துயரும் அடையாளமும் முழுதாக ஒன்றுசேர்ந்த புத்தகம் கைல் லூகொஃப் எழுதிய ‘டூ பிரைட் டு சீ’. லூகொஃப் ஒரு திருநம்பி, பள்ளி நூலகராக வேலை பார்த்தவர். நாவல் 2021இல் வந்து, அடுத்த வருடம் நியூபெரி மதிப்பு விருதையும் ஸ்டோன்வோல் விருதையும் பெற்றது. வெர்மொண்ட் மாநிலத்தின் கிராமப்புறத்தில் ஒரு பழைய வீடு. பக் என்ற பதினொரு வயதுப் பிள்ளையின் அன்புக்குரிய மாமா இறந்துவிட்டார். வீட்டில் ஆவி ஒன்று உலவுகிறது. தோழி மொய்ரா, நடுநிலைப் பள்ளிக்குப் போகும் முன்னர் பெண்பிள்ளைகளுக்கான ஒப்பனைகளில் பழகிக்கொள்ள விரும்புகிறாள். பக்குக்கு அதில் மனம் ஒட்டுவதில்லை, ஏன் என்றும் தெரியவில்லை. மாமாவின் ஆவி என்னவோ சொல்லப் பார்க்கிறது. அது சொல்ல வந்தது பக்கைப் பற்றித்தான். பக் ஒரு பையன்.

மெலிசாவுக்குத் தான் யார் என்று முதலிலேயே தெரியும், உலகத்துக்குத் தெரியாது. பக்குக்குத் தனக்கே தெரியாது. கதை ‘நான்’ என்று சொல்லப்படுகிறது. பக் தன்னைக் கண்ணாடியில் பார்க்கும்போது வேறு யாரோ தெரிவதுபோல உணர்வதை நாம் கவனிக்கிறோம், மெதுவாக ஊகிக்கிறோம். ஆனால் முந்திக்கொண்டு சொல்லிவிட நமக்கு வழியில்லை. ஒரு பிள்ளை தன்னைக் கண்டுபிடிக்கும் வேகத்தில்தான் கூடவே நடக்க வேண்டும். பெற்றோருக்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியவில்லை. அந்த நாவலில் தாயும் பள்ளியும் பக்கை ஏற்றுக்கொள்கிறார்கள். ‘இவ்வளவு எளிதாகவா?’ என்று சிலர் கேட்பார்கள். அடி வாங்கினால்தான் உண்மையான கதை என்று நினைப்பதும் நம் பழக்கம்தான். அந்தக் கதையில் கனம் இருக்கிறது, அது மாமாவை இழந்த கனம். பக் பையனாக இருப்பது அந்தக் கனத்தில் சேரவில்லை.

இனி, இதற்கெல்லாம் ஆதாரம் உண்டா என்ற கேள்வி. 2013இல் டேவிட் கொமர் கிட், இமானுவேல் காஸ்ட்டானோ இருவரும் ‘சயன்ஸ்’ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். இலக்கியப் புனைவைக் கொஞ்ச நேரம் வாசித்த பெரியவர்கள், படத்திலுள்ள கண்களைப் பார்த்து உணர்ச்சியை ஊகிக்கும் சோதனையில் மற்றவர்களைவிடச் சற்று நன்றாகச் செய்தார்கள் என்றது அது. உலகம் முழுக்கச் செய்தியானது. ஆனால் வேறு ஆய்வுக் குழுக்கள் அதைத் திரும்பச் செய்தபோது அதே முடிவு வரவில்லை. ஆகவே ‘நாவல் வாசித்தால் நல்லவராவோம்’ என்று யாராவது அடித்துச் சொன்னால் நம்பாதீர்கள்.

எனக்கு இதைவிடப் பயனுள்ளதாகத் தெரிவது 2014இல் லொரிஸ் வெஸாலியும் சகாக்களும் வெளியிட்ட இத்தாலிய ஆய்வு. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் 34 பேர், வாரம் ஒரு தடவை, ஆறு வாரங்கள் ஹரி பொட்டர் நாவல்களிலிருந்து பகுதிகளை வாசித்து ஆய்வாளரோடு பேசினார்கள். ஒரு குழுவுக்குப் பாரபட்சம் பற்றிய பகுதிகள், மற்றக் குழுவுக்குச் சாதாரணப் பகுதிகள். முதல் குழுவில், ஹரியோடு தங்களை நெருக்கமாக உணர்ந்த பிள்ளைகளிடம் குடியேறிகள் பற்றிய எண்ணம் மேம்பட்டது. எண்ணிக்கை சிறியதுதான். ஆனால் அதில் இரண்டு விடயங்களைக் கவனியுங்கள். பிள்ளை கதாபாத்திரத்தோடு ஒட்ட வேண்டும். வாசித்ததைப் பற்றி யாரோ ஒருவர் கூட இருந்து பேசவும் வேண்டும். புத்தகத்தை வாங்கி அலுமாரியில் வைத்தால் நடக்காது.

சிறுவர் இலக்கிய ஆய்வாளர் ருடீன் சிம்ஸ் பிஷப் 1990இல் எழுதிய கட்டுரையில் புத்தகங்களைக் கண்ணாடி, ஜன்னல், தள்ளித் திறக்கும் கண்ணாடிக் கதவு என்று மூன்றாகப் பார்த்தார். கண்ணாடியில் நம்மைப் பார்க்கிறோம், ஜன்னலில் மற்றவரை, கதவு வழியாக உள்ளே போகிறோம். ஒரே புத்தகம் ஒரே வீட்டில் ஒருவருக்குக் கண்ணாடியாகவும் மற்றவருக்கு ஜன்னலாகவும் இருக்கலாம். எது எவருக்கு என்பது வாங்கிக் கொடுக்கிற நமக்குத் தெரியாது. என் மகனுக்குக் கொனர் ஜன்னல் என்று நினைத்து வாசிக்கத் தொடங்கினேன். அது கண்ணாடியாகிப் போனது.

பெற்றோர் என்னிடம் அதிகம் கேட்பது ஒன்று உண்டு. இப்படிப் புத்தகங்களை வாசித்தால் பிள்ளையும் அப்படி ஆகிவிடாதா? சாவுக் கதை வாசித்து எந்தப் பிள்ளையின் தாயும் சாகவில்லை. பக்கின் கதையை வாசித்து எந்தப் பிள்ளையும் வேறு ஒருவராக ஆவதில்லை. ஏற்கெனவே அப்படி இருக்கிற பிள்ளைக்கு, தான் தனி இல்லை என்று தெரியவரும். மற்றப் பிள்ளைகளுக்கு, பக்கத்து மேசையில் இருக்கிறவரைப் பற்றி ஒன்று தெரியவரும். ஆனாலும் இந்தப் பயம் நம்மவர்களுக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்க நூலகச் சங்கம் வெளியிடுகிற, அதிகம் எதிர்ப்புக்குள்ளான புத்தகங்களின் பட்டியலில் 2018, 2019, 2020 ஆகிய மூன்று வருடங்களிலும் முதலிடம் மெலிசாவின் கதைக்குத்தான்.

‘இது வெள்ளைக்காரர் கொண்டுவந்தது’ என்பது இரண்டாவது கேள்வி. தொல்காப்பியத்தின் சொல்லதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். திணை, பால் பற்றிப் பேசத் தொடங்கிய சில சூத்திரங்களுக்குள்ளேயே, ஆண்மை திரிந்தவரைக் குறிக்கும் பெயருக்கு எந்த விகுதி என்ற கேள்வி வந்துவிடுகிறது. அதற்கெனத் தனி விகுதி இல்லை, உயர்திணை விகுதியையே பெறும் என்கிறது இலக்கணம். கூடவே அந்தச் சூத்திரத்தில் சேர்த்துச் சொல்லப்படுவது தெய்வத்தைக் குறிக்கும் பெயர். சித்திரை மாதம் கூவாகத்தில் திருநங்கையர் கூத்தாண்டவரான அரவானுக்குத் தாலி கட்டிக்கொண்டு, மறுநாள் அவன் சாவுக்குத் தாலி அறுத்து ஒப்பாரி வைக்கிறார்கள். துயரும் பாலின அடையாளமும் ஒரே சடங்கில் இருக்கிற ஊர்க்காரர்கள் நாம். நம் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லும் கதைகள்தான் குறைவு.

கடைசியாக, வீட்டில் செய்யக்கூடிய சில விடயங்கள். ‘எ மொன்ஸ்டர் கோல்ஸ்’ பன்னிரண்டு வயதை ஒட்டிய பிள்ளைகளுக்கு, மற்ற மூன்றும் ஒன்பது, பத்து வயதிலிருந்து வாசிக்கலாம். இன்னும் சிறியவர்களுக்கு, லூகொஃப் எழுதிய ‘வென் எய்டன் பிகேம் எ பிரதர்’ என்ற படப்புத்தகம் இருக்கிறது. பிள்ளைக்குக் கொடுக்கும் முன்னர் நீங்கள் வாசியுங்கள். வாசித்து முடித்ததும் ‘இதிலயிருந்து என்ன படிச்சாய்?’ என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்வி வந்ததும் கதை பாடப்புத்தகமாகிவிடும். ‘இந்த இடத்தில அவனுக்கு எப்பிடி இருந்திருக்கும்?’ என்று கேட்கலாம். ஒன்றும் கேட்காமல் விளக்கை அணைத்துவிட்டுச் சிறிது நேரம் பக்கத்தில் இருக்கலாம். எங்கள் வீட்டில் இருட்டுத்தான் அதிகம் உதவியது. திருநர், திருநங்கை, திருநம்பி என்ற சொற்களைப் பிள்ளை முன்னால் சாதாரணமாகச் சொல்லிப் பழகுங்கள். பிள்ளை ஆங்கிலத்தில் வாசிக்கிற ஒன்றுக்கு வீட்டு மொழியில் சொல்லே இல்லையென்றால், அது வீட்டில் பேசக்கூடாத விடயம் என்றுதான் பிள்ளை எடுத்துக்கொள்ளும்.

அம்மாவின் ஆட்டைத் திவசத்தன்று யாழ்ப்பாணத்தில் இருக்கும் என் அக்காவுக்கு அழைப்பு எடுத்தோம். கடைசி வரைக்கும் அம்மாவைப் பார்த்தது அவதான். மகன் தொலைபேசியை என்னிடமிருந்து வாங்கி, “பெரியம்மா, அம்மம்மா கோல் எடுக்கேக்க நான் ஒளிச்சு நிண்டனான்” என்றான். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. நான் தொலைபேசியைத் திருப்பி வாங்கப் போனேன். அப்போது அக்காவின் குரல் கேட்டது.

“நானும் சிலநேரம் அடுப்படிக்குள்ள போய் நிண்டனான் ராசா.”

அவ்வளவுதான் நான் சொல்ல வந்தது. இனி உங்கள் கேள்விகளுக்கு வரலாம்.